ரசமட்டம் பார்க்காத தரை

சனிக்கிழமை காலையில் கொஞ்சம் கூடுதலாகத் தூங்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு அப்போது உலகத்தில் வேறு ஆசை கிடையாது. வாரம் முழுக்க அதை நினைத்துக்கொண்டேதான் ஓட்டினாள். சனி ஞாயிறு இரண்டு நாளும் புருஷன் வீட்டில் இருப்பான், குழந்தையை அவன் பார்த்துக்கொள்வான், நாம் ஒருக்களித்துப் படுத்துவிடலாம் என்று மனக்கோட்டை கட்டி வைத்திருந்தாள். விடிந்தும் விடியாததுமாக டங் டங் என்று வீடே அதிர்ந்தது. வயிற்றுக்குள் இருந்தது தூக்கிவாரிப் போட்டு ஒரு உதை விட்டது.

எழுந்து உட்காருவதே அவளுக்கு இப்போது தனி வேலையாகிவிட்டது. ஒருபக்கமாகப் புரண்டு, கையை ஊன்றி, கால்களைத் தொங்கவிட்டு, கொஞ்சம் மூச்சு வாங்கி, அப்புறம்தான் நிற்க முடியும். பாதம் வீங்கி எந்தச் செருப்பும் நுழைவதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தால், குளியலறைக்குள் அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உளியும் சுத்தியலுமாகத் தரையை உடைத்துக்கொண்டிருந்தான். வாசலில் மகள், வெறும் ஜட்டியோடு, சோற்றுக் கரண்டியால் நிலைப்படியை அடித்துக்கொண்டிருந்தாள். பேச்சு வந்த நாளிலிருந்து மற்றவர்களுக்கு உத்தரவு போடுவதையே தொழிலாக வைத்திருந்ததால் அப்பன் அவளுக்கு ‘மேடம்’ என்று பெயர் வைத்திருந்தான். மேடத்துக்கு இன்னும் மூன்று வயது ஆகவில்லை.

"என்னங்க இது?"

"தரையப் பேக்கறேன்."

"எனக்கும் கண்ணு தெரியுது. எதுக்குன்னு கேக்கறேன்."

"வியாழக்கெழம வழுக்கி விழப் பாத்தியே, மறந்துட்டியா? குழாயப் புடிச்சதால தப்பிச்ச. எனக்கு ரெண்டு நாளா கையும் ஓடல, காலும் ஓடல. சைட்ல சொரசொரப்பு டைல்ஸ் கொஞ்சம் மிஞ்சிச்சு, மேஸ்திரி எடுத்துக்கடான்னுட்டார். இன்னிக்குப் பேத்து, நாளைக்குப் போட்டுட்டா முடிஞ்சுது."

அவன் டைல்ஸ் போடுகிறவன். அந்த ஊரில் புதிதாக முளைத்த மாடி வீடுகளில் பாதிக்கு அவன்தான் தரை போட்டான். முட்டி இரண்டும் காய்த்துப்போய், உள்ளங்கையில் சிமெண்ட் ஏறி ஏறி ரேகையே மறைந்துவிட்டது. வேலையில் படு சுத்தம். ஒவ்வொரு கல்லுக்கும் ரசமட்டக் கட்டையை வைத்து, அதற்குள் இருக்கிற நீர்க்குமிழி கோட்டுக்கு நடுவில் வந்து நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த கல்லைக் கையில் எடுப்பான். கண்ணாலேயே மட்டம் பார்த்துப் போடுகிறவர்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது.

"சரி. அது காயற வரைக்கும் நான் எங்க போறது?" என்று கேட்டாள்.

அவன் சுத்தியலை ஓங்கியபடியே அப்படியே இருந்துவிட்டான். அந்த வீட்டில் குளியலறை, கழிப்பறை எல்லாம் அந்த ஒரே அறைதான். எட்டு மாதம் தாண்டிய பிள்ளைத்தாச்சியை வைத்துக்கொண்டு, அவள் வழுக்கி விழுந்துவிடக்கூடாதே என்ற அக்கறையில், அவள் மணிக்கு மூன்று தடவை போக வேண்டிய இடத்தைப் பெயர்த்துப் போட்டிருக்கிறான். வேறு யாராவது இப்படிச் செய்ததாகக் கேள்விப்பட்டிருந்தால் அவளே விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"கீழ டீச்சரம்மா வீட்ல..." என்று இழுத்தான்.

"மாடிப்படி ஏறி எறங்கணும்."

"நான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

"கிழிச்சீங்க. முதல்ல யோசிச்சுட்டு உளியத் தொட்டிருக்கணும். ஒரு வார்த்த கேட்டீங்களா? வாய்ல கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"அம்மா, சத்தம் போடாதே" என்றாள் மேடம், கரண்டியைத் தூக்கிக்காட்டி. "இங்க வேலை நடக்குது."

அப்பன் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவசரமாக வந்துகொண்டிருந்தது வேறு. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியிறங்கினாள்.

கீழ்வீட்டு டீச்சரம்மா தனியாக இருப்பவள். சனிக்கிழமைகளில் சாப்பாட்டு மேசை முழுக்கப் பரீட்சைத்தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். விஷயத்தைக் கேட்டதும் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"உன் வீட்டுக்காரர் நல்லவர்தாம்மா. நேரங்காலம் தெரியாத நல்லவர். கதவத் தொறந்தே போட்டு வெக்கறேன், நீ பாட்டுக்கு வந்துட்டுப் போ. தட்டணும், கேக்கணும், ஒண்ணும் வேணாம்."

திரும்பும்போது ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். அவள் உட்கார்ந்தாள். அந்த வீட்டில் யாரும் அழவில்லை, யாரும் எதையும் கவிழ்க்கவில்லை. கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. அவளுக்கு அங்கேயே இருந்துவிடலாம்போல் இருந்தது.

"நாளைக்கு உங்கக்கா வந்து கொழந்தையக் கூட்டிட்டுப் போறாளாமே?"

"ஆமா டீச்சர். பிரசவம் முடிஞ்சு, நான் எழுந்து நடமாடற வரைக்கும்."

"ரெண்டு மாசம் ஆயிடுமே. எப்படிம்மா இருப்ப? நெஞ்சு தாங்குமா உனக்கு?"

"என்ன டீச்சர் பண்றது? பிரஷர் ஏறுது, தூக்கக்கூடாது, படுத்தே கிடக்கணும்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. அவரு திங்கக்கெழமலேர்ந்து ஒரு மாசம் லீவு போட்டிருக்காரு. ஆனா லீவு இருந்து என்ன, அவ அவர் கையால ஒரு வாய் வாங்க மாட்டா. விளையாடக் கூப்பிட்டா ஓடுவா. சோறு, குளியல், தூக்கம், மூணுக்கும் நான்தான் வேணும். நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா ராத்திரி இவரால ஒண்டியா சமாளிக்க முடியாது."

"பாவம்" என்றாள் டீச்சரம்மா. "பெத்த மனசு."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டீச்சரம்மா அதை அழுகை என்று நினைத்திருப்பாள். தூக்கக் கலக்கத்தில் கண்ணில் நீர் கட்டியது, அவ்வளவுதான். உண்மை என்னவென்றால் நாளைக்கு மத்தியானம் எப்போது வரும் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள். அக்காவின் கார் வந்து, குழந்தை ஏறி, கதவு சாத்தியதும் நேராகப் போய்க் கட்டிலில் விழ வேண்டும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடம் போனில் பேசும்போது தழுதழுத்தாள். புருஷன் வேண்டாம் வேண்டாம் என்று மல்லுக்கு நின்றபோது, "எனக்கு மட்டும் ஆசையா?" என்று அவன் மேலேயே பாய்ந்தாள். பெற்ற பிள்ளையை எப்போது வண்டியேற்றுவோம் என்று இருக்கிறவள் எப்படிப்பட்ட தாய் என்ற கேள்வி வரும்போதெல்லாம், அதற்குப் பதில் சொல்லக்கூடத் தெம்பில்லாமல் இருந்தாள்.

மத்தியானம் அவன் சோற்றைக் குழைத்து, முட்டையை உதிர்த்துப் போட்டு, தட்டோடு மகளைத் துரத்தினான்.

"மேடம், ஒரு வாய். ஒரே ஒரு வாய்."

"அம்மா."

"அம்மா படுத்திருக்காங்கடா கண்ணு. அப்பா ஊட்டறேன். பாரு, லாரி வருது, வாயத் தொற."

மேடம் வாயைத் திறந்தாள். வாங்கியதைத் துப்பினாள். "உன் கை குத்துது" என்றாள்.

அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். அவன் கை சொரசொரவென்றுதான் இருக்கும். அதற்காக அவன் என்ன செய்ய முடியும்? எண்ணெய் தேய்த்து ஊறவைத்துப் பார்த்தும் பலனில்லை. கரண்டியால் ஊட்டிப் பார்த்தான். மேடம் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு குளியலறைக்கு வேலை பார்க்க ஓடிவிட்டாள். கடைசியில் படுக்கையிலிருந்து அம்மாக்காரிதான் எழுந்து வர வேண்டியதாயிற்று. தரையில் உட்கார முடியாது, நாற்காலியில் உட்கார்ந்தால் மடி இல்லை, மடி இருக்க வேண்டிய இடத்தில் வயிறு இருந்தது. நின்றுகொண்டே ஊட்டினாள். அவள் வேலை பார்த்த சலவைக்கடையில் வருஷக்கணக்காக நின்றபடியே சட்டை தேய்த்தவள்தான். அப்போதெல்லாம் கால் இப்படிக் கடுத்ததில்லை.

தூங்க வைப்பதும் அவள்தான். மேடத்துக்குத் தூக்கம் வர வேண்டுமென்றால் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி வயிற்றின் மேல் போட வேண்டும். வயிற்றின் மேல் கால் பட்டதும் உள்ளே இருப்பது உதைக்கும். உதை பட்டதும் மேடம் திருப்பி உதைப்பாள். "அம்மா, பாப்பா என்னை அடிக்குது" என்று புகாரும் செய்வாள். ஒருவழியாக மேடம் கண் மூடும் நேரம் பார்த்து முட்டிக்கொண்டு வரும். கழுத்திலிருந்து கையை எடுத்தால் முழித்துக்கொள்வாள். அன்றைக்குக் கீழே வேறு போக வேண்டுமே என்று அடக்கிக்கொண்டு படுத்திருந்தாள். முடியாமல் எழுந்தாள். மேடமும் எழுந்தாள். அத்தோடு அன்றைய தூக்கம் முடிந்தது.

"பேசாம இன்னிக்கு நீங்க இவள வெளிய கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?" என்று சாயங்காலம் கேட்டாள். பெயர்த்த காரையை அவன் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தான். "நாளைக்குப் போறவ. ஒரு நாளாவது அவளோட இருக்கணும்னு தோணலையா? சிமெண்டக் கட்டிக்கிட்டு அழறீங்க."

"அவ எங்கயும் போக மாட்டா."

"ஆரம்பிச்சுட்டீங்களா?"

"எங்கிட்ட ஒரு நாள் ஒரு வாய் சாப்பிட்டா போதும்டி. ஒரு நாள் எங்கிட்டத் தூங்கிட்டா போதும். அப்புறம் உங்கக்காவ நான் பாத்துக்கறேன்."

"பொறந்ததுலேர்ந்து வாங்காத வாய நாளைக்கு வாங்கிடப் போறாளா?"

அவன் சாக்கை முதுகில் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். பின்னாலேயே மேடம் ஒரு உடைந்த காரைத் துண்டை மார்போடு அணைத்துக்கொண்டு, "நகரு, நகரு, வெயிட்டு" என்று கத்திக்கொண்டே இறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறும்போது அவன் கலவை போட ஆரம்பித்தான். மிஞ்சிய டைல்ஸ் என்பதால் மூன்று நிறத்தில் இருந்தன. மேடம் கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்து, எந்தக் கல் எங்கே போக வேண்டும் என்று உத்தரவு போட்டாள். அவள் சொன்ன வரிசையிலேயே அவன் வைத்தான். இரண்டு தடவை படியிறங்கி ஏறிவந்த அலுப்பில் அவள் அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா வர இன்னும் நேரமிருந்தது. குழந்தையின் துணிகளை மடித்துப் பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள். கட்டிலில் ஒரு நிமிஷம் சாயலாம் என்று சாய்ந்தாள்.

கார் ஹாரன் கேட்டுத்தான் விழித்தாள். ஜன்னல் வெயில் சுவரைவிட்டுக் கீழே இறங்கியிருந்தது. எவ்வளவு நேரம் தூங்கினோம் என்றே தெரியவில்லை. வாயோரம் எச்சில் காய்ந்திருந்தது. வீடு குண்டூசி விழுந்தால் கேட்கும்படி கிடந்தது. மேடம் இருக்கிற வீட்டில் சத்தம் இல்லையென்றால் எங்கோ ஏதோ கவிழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். அவள் பதறிப்போய் எழுந்து வந்தாள்.

குளியலறை வாசலில், தரை முழுக்கப் போட்டு முடித்து, கடைசிக் கல்லுக்கு முன்னால் அவன் முட்டி போட்டிருந்தான். இடது தோளில் மேடம் கிடந்தாள். கன்னம் நசுங்கி, வாய் திறந்து, தலைமுடியில் சிமெண்ட் அப்பி, அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள். அவளை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறு கையால் கல்லைப் பதித்தான். ரப்பர் சுத்தியலால் தட்ட வேண்டியதைத் தட்டாமல், உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி உட்கார வைத்தான். பக்கத்தில் ஒரு தட்டு காலியாக இருந்தது.

மனைவியைப் பார்த்ததும் அவன் உதட்டை மட்டும் அசைத்தான். "சாப்பிட்டா. முழுசா."

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. பின்னாலேயே வேறொன்று வந்து சுருக்கென்று குத்தியது. என்னைக் கேட்காமலே தூங்கிவிட்டாளே என்று இருந்தது. இவ்வளவு நாளும் இதற்குத்தானே தவம் கிடந்தாய், இப்போது என்ன வந்தது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். காலையிலிருந்து இருட்டும் வரை ஊரானுக்கெல்லாம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்து, வீட்டிலும் அதே தொனியில்தான் பேசுவாள். படியேறி வரும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"நேராப் பாத்து நில்லு. ஏன் மூஞ்சி இப்படி வீங்கிக் கெடக்கு? தண்ணி குடிக்கறியா? மாப்பிள்ள, என்ன கோலம் இது? கொழந்தைய சிமெண்ட்ல பொரட்டி எடுத்திருக்கீங்க? பை ரெடியா? சீக்கிரம் கெளம்பினாத்தான் இருட்டறதுக்குள்ள போய்ச் சேரலாம்."

அவன் குரல் உயர்த்தாமல், ஆனால் முகமெல்லாம் பல்லாகச் சொன்னான். "மெதுவாப் பேசுங்கக்கா. மேடம் தூங்கறா. மேடம் எங்கயும் வரல."

"என்னது?"

"எங்கிட்டயே சாப்பிட்டா. எங்கிட்டயே தூங்கிட்டா. என்ன பண்ணினேன் தெரியுமா? வேலையாளுங்க சாப்பிடற நேரம்னு சொன்னேன். எனக்கு ஒரு வாய், அவளுக்கு ஒரு வாய். அவளே எடுத்துத் தின்னா. நானும் எத்தன நாளா ஊட்டி ஊட்டிப் பாத்தேன், இது எனக்குத் தோணவே இல்ல. இனிமே என்னக்கா? நான் இருக்கேன், அவ இருக்கா. ரெண்டு மாசம் என்ன, ரெண்டு வருஷம் பாத்துக்குவேன். பெத்த தாய்க்கிட்டருந்து புள்ளையப் பிரிக்க வேணாம்."

அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கை சுவரில் சாய்ந்து நின்றாள்.

"என்னடி சொல்ற?"

"கூட்டிட்டுப் போக்கா."

"ஏய்" என்றான் அவன். "இப்பதான சொன்னேன். என்னால முடியும்."

"உங்களால முடியும். என்னாலதான் முடியல. நீங்களும் அனுப்பல, அக்காவும் பிரிக்கல. நான்தான் அவள அனுப்பறேன். போன வாரத்துலேர்ந்து எப்படா ஞாயித்துக்கெழம வரும்னு உக்காந்திருக்கேன். உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு, ரெண்டும் என்னையே உதைக்குது. அவ வீட்ல இருந்தா, யார்கிட்ட இருந்தாலும் என் காது அங்கதான் இருக்கும். கொஞ்ச நாளைக்கு என்னால யாருக்கும் அம்மாவா இருக்க முடியலங்க. இத வெளிய சொன்னா காறித் துப்புவாங்கன்னுதான் அழுது நடிச்சிட்டிருந்தேன். நீங்க நல்லவரா இருக்கறதுக்குத் தரையப் பேக்கறீங்க. நான் நல்லவளா இருக்கறதுக்கு எதப் பேக்கறது?"

அவன் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. கையிலிருந்த ஈரத்துணியால், கல் மேல் ஒட்டியிருந்த சிமெண்டைச் சும்மா துடைத்துக்கொண்டே இருந்தான். துணியைப் பக்கெட்டில் முக்கினான், பிழியக்கூடத் தோன்றாமல் அப்படியே தரையில் வைத்தான். அக்கா வாயைத் திறந்தாள். பேச வந்ததை விட்டுவிட்டுக் குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"மாப்பிள்ள, தண்ணி ஏன் இந்தப் பக்கம் வருது?"

துணியிலிருந்து வழிந்த தண்ணீர், மூலையிலிருந்த வடிகாலுக்குப் போகாமல், ஆற அமர ஊர்ந்து வாசலுக்கு வந்து, நிலைப்படியைத் தாண்டி, அக்காவின் விரலை நனைத்திருந்தது.

அவன் அதையே பார்த்தான். இன்னொரு கை தண்ணீர் அள்ளி, மூலையை ஒட்டி விட்டான். அதுவும் திரும்பி வாசலுக்கே நடந்து வந்தது. குளியலறைத் தரை என்றால் வடிகால் பக்கம் சரிய வேண்டும். நேற்றைக்குத் தொழிலுக்கு வந்த கையாளுக்குக்கூடத் தெரியும். அவன் முகம் வெளிறிவிட்டது.

அக்காவால் அடக்க முடியவில்லை. "ஊருக்கெல்லாம் போடறவருக்குத் தன் வீட்டுக் கக்கூஸ்ல வாட்டம் தப்பிடுச்சா? ஹாலுக்குள்ள ஆறு ஓடப் போகுது. ரசமட்டம் வெச்சுப் பாக்கலையா நீங்க?"

"இல்லக்கா."

"ஏன்?"

"அது ஹால்ல கெடந்துச்சு." அவன் நிமிராமல் சொன்னான். "பாதிப் போட்டிருக்கும்போது இவ தோள்ல சாஞ்சுட்டா. எழுந்து போய் எடுத்தா முழிச்சுக்குவா. முழிச்சா அம்மான்னு ஓடுவா. அங்க இவ அம்மா அப்படித் தூங்கிட்டிருந்தா. இவ்ளோ அசந்து அவ தூங்கி நான் பாத்ததே இல்ல. மட்டம் பாக்கறதா, இவங்க ரெண்டு பேரும் தூங்கறதான்னு வந்துச்சு. போட்ட கலவை வேற காஞ்சிட்டே வருது. சரி போகட்டும்னு கண்ணாலயே போட்டுட்டேன்."

அவள் சுவரைவிட்டு நகர்ந்து வந்து அவன் தோள் மேல் கையை வைத்தாள். அவன் சட்டை வியர்வையிலும் குழந்தையின் எச்சிலிலும் தொப்பலாக நனைந்திருந்தது. எப்பேர்ப்பட்ட அவசரத்திலும் ரசமட்டம் இல்லாமல் ஒரு கல்லைத் தொடாதவன். கூட வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்தால் வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்கள். அவளுக்கு அழ வேண்டும்போல் இருந்தது, ஆனால் நின்றுகொண்டு அழத் தெம்பில்லை.

"இப்ப என்ன பண்ணணும்?" என்றாள்.

"எல்லாத்தையும் பேக்கணும். இப்பவே எடுத்தாத்தான் உண்டு, நாளைக்குன்னா ஒடைக்கணும். சொரண்டி எடுத்துட்டு நாளைக்குத் திரும்பப் போடுவேன். ஒரு நாள் காயணும். புதன்கெழம ஆயிடும்."

"புதன்கெழம வரைக்கும் இவ மாடிப்படி ஏறி ஏறி எறங்குவாளா?" என்றாள் அக்கா. "இந்தக் காலோடயா?" அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நேராக உள்ளே போய்க் கட்டிலின் மேலிருந்த பையைத் திறந்து, குழந்தையின் துணிகளை வெளியே எடுத்து வைத்தாள்.

"அக்கா, என்ன பண்ற?"

"உன் நைட்டியெல்லாம் எங்க இருக்கு?"

"எதுக்கு?"

"நீ வாடி. அவ எதுக்கு வரணும்? தூங்கணும்னு சொன்னது நீ. எங்க வீட்ல ரெண்டு பாத்ரூம். ரெண்டுலயும் தண்ணி போக வேண்டிய பக்கம் போகும்."

"பைத்தியமா உனக்கு? இவள விட்டுட்டு நான் எப்படி..."

"இப்பத்தான முடியலன்னு சொன்ன?"

"சொன்னேன்தான். அவ போறது வேற, நான் போறது வேற."

"என்ன வேற?"

குழந்தை போனால் அனுப்பி வைத்ததாகும். தான் போனால் விட்டுவிட்டுப் போனதாகும். அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் தடுப்பான், அதைச் சாக்கு வைத்து இருந்துவிடலாம் என்று நினைத்தாள்.

"போம்மா" என்றான் அவன். "புதன்கெழம வரைக்கும் போய்ப் படு. ஆஸ்பத்திரிச் சீட்ட மறக்காம எடுத்துக்கோ. ஒண்ணுன்னா நான் ஓடி வந்துடறேன். வந்து பாரு, தரையும் சரியா இருக்கும், மேடமும் சரியா இருப்பா. அப்பவும் அனுப்பணும்னு உனக்குத் தோணுச்சுன்னா அனுப்பலாம். நான் குறுக்க நிக்க மாட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "நீ நடிச்சிருக்க வேணாம்" என்றான். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"உங்ககிட்டச் சொன்னா தரையப் பேப்பீங்க" என்றாள்.

அவன் சிரித்தான். அந்த அசைவில் மேடம் விழித்துக்கொண்டாள். ஒரு நிமிஷம் பெரியம்மாவை யாரோ எவரோ என்று பார்த்தாள். பிறகு அப்பன் கழுத்தைக் கட்டிக்கொண்டே விசாரணையைத் தொடங்கினாள்.

"பை யாருக்கு?"

"அம்மாவுக்கு" என்றாள் அவள். "அம்மா பெரியம்மா வீட்டுக்குப் போறேன்."

"எதுக்கு?"

"தூங்க."

மேடம் யோசித்தாள். அழுவாள் என்று மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அழ வேண்டும் என்று அவள் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள், அழக்கூடாது என்றும் வேண்டிக்கொண்டாள்.

"நான் வரல" என்றாள் மேடம். "எங்களுக்கு வேலை இருக்கு. நீ போய் அழாம தூங்கு."

அக்காவின் கார் வாசலில் நின்றது. நெற்றியிலும் முதுகிலும் டிரைவிங் ஸ்கூல் பலகை. அவள் பக்கத்து சீட்டில் பக்கவாட்டாக உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்தாள். படி வாசலில் அவன் மகளைத் தூக்கிக்கொண்டு நின்றான். இருவர் முகத்திலும் சிமெண்ட். டீச்சரம்மா ஜன்னலைத் திறந்து, "யாரு போறா, யாரு இருக்கா?" என்று குழம்பிப்போய்க் கேட்டாள்.

"பாத்து வெச்சுக்கோ கால" என்றாள் அக்கா. "கத்துக்கொடுக்கற வண்டி. உன் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். அதுல மிதிச்சுத் தொலைக்காத."

கார் கிளம்பியது. பக்கத்து வீட்டு வாசலைக்கூடத் தாண்டவில்லை, குலுங்கி நின்றது.

"அடியே, கால எடு! இப்பதான சொன்னேன்!"

அவள் குனிய முடியாமல் வயிற்றுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். வீங்கிய வலது கால் அந்தக் கட்டையின் மேல் அழுந்த உட்கார்ந்திருந்தது. எப்போது வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. பக்கத்துக் கண்ணாடியில் பார்த்தாள். கார் நின்றதைக்கூட அவர்கள் கவனிக்கவில்லை. மேடம் மாடிப் பக்கம் விரலை நீட்டி என்னவோ அதட்டிக்கொண்டிருக்க, அவன் தலையை ஆட்டிக்கொண்டே முதுகைத் திருப்பிப் படியேறினான். கடைசியாக அவன் முழங்கையில் தொங்கிய சின்னக் கால் ஒன்று தெரிந்தது. பிறகு படிகள் மட்டும் தெரிந்தன.

அக்கா திட்டுவதை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

அவள் இரண்டு கையாலும் தன் காலைத் தூக்கிப் பிரேக்கிலிருந்து எடுத்து, தள்ளி வைத்தாள்.

"போக்கா" என்றாள்.